கென்யா போகிறேன், பெற்றோர் இல்லாத பிள்ளைகளோடு கொஞ்ச நாள் இருக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். நான் திருப்பூரில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 61. கல்லூரியில் என்னோடு படித்த தோழி, கணவரோடு கென்யாவில் கிசுமு என்ற ஊரில் பல வருடங்களாக இருக்கிறாள். அவள் கணவருக்கு அங்கே சர்க்கரை ஆலையில் வேலை. "ரிட்டயர் ஆயிட்டே, இன்னும் என்னடி சாக்கு?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வருகிற டிசம்பரில் மூன்று வாரம் போகிறேன். ஏழாவது படிக்கும் பேரனும் கூட வருகிறான்.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு, பிள்ளைகள் சத்தமே இல்லாத வீட்டில் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஊர் சுற்றிப் பார்ப்பதைவிட அங்கே உள்ள அநாதைக் குழந்தைகளோடு கொஞ்ச நாள் இருக்க ஆசை என்று தோழியிடம் சொன்னேன். அவளும் ஊருக்கு வெளியே ஒரு இல்லத்தில் பேசி, தினமும் காலையில் போய்ப் பாட்டு, கதை, கணக்கு சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டாள். அங்கே எடுத்த வீடியோ ஒன்றும் அனுப்பினாள். முன்பின் தெரியாத அவளைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பனியன் கம்பெனிகளில் சொல்லி நூறு டி-ஷர்ட்டும், சாக்லேட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இதைக் கேட்ட என் மகள், "இப்படிப் போய்ப் பத்து நாள் கொஞ்சிவிட்டு வருவது அந்தப் பிள்ளைகளுக்குக் கெடுதல்மா" என்கிறாள். அன்பு காட்டுவது எப்படிக் கெடுதலாகும்? தோழி வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாகூட, இறந்துபோன தங்கையின் மூன்று பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்க்கிறாராம். அந்தப் பக்கம் அப்படி நிறையப் பேராம். அப்படிப்பட்ட ஊருக்குப் போய் வெறும் விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டு வர மனம் ஒப்பவில்லை. நான் என்ன செய்யட்டும்?

வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

கட்டாயம் போய்வாருங்கள். பிள்ளைகளோடு இருக்கவேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிடாதீர்கள். அந்த இல்லத்து ஏற்பாட்டை மட்டும் தோழியிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். நீங்கள் தேடுகிற பிள்ளைகள் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறார்கள். தோழி வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா வளர்க்கிறாரே, அந்த மூன்று பேர்.

நம் ஊரில் பெரியம்மா வீட்டில் வளரும் பிள்ளையை யாரும் அநாதை என்று சொல்லமாட்டோம். சொன்னால் அந்தப் பெரியம்மா சண்டைக்கு வருவார். அதனால்தான் அந்த மூன்று பேரும் உங்கள் கணக்கில் வரவில்லை என்று நினைக்கிறேன். யுனிசெஃப் கணக்கு எடுக்கும்போது, 18 வயதுக்குள் தாய் தந்தையரில் ஒருவரை இழந்தாலே அநாதைகள் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் 2015இல் உலகம் முழுக்கச் சுமார் 14 கோடிப் பிள்ளைகள். அதில் இருவரையும் இழந்தவர்கள் ஏறக்குறைய 1.5 கோடி. மற்றவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார். இருவரையும் இழந்தவர்களிலும் பெரும்பாலோர் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ மாமாவிடமோதான் வளர்கிறார்கள். இல்லத்துச் சுவருக்குள் இருப்பவர்கள் மிகச் சிறிய பங்குதான்.

கிசுமு பக்கம் அப்படி நிறையப் பேர் என்று உங்கள் தோழி சொன்னது உண்மை. விக்டோரியா ஏரியை ஒட்டிய கிசுமு, சியாயா, ஹோமா பே, மிகோரி ஆகிய நான்கும்தான் கென்யாவில் எச்.ஐ.வி. பாதிப்பு அதிகமுள்ள மாவட்டங்கள். 1999இல் எய்ட்ஸை ஒரு தேசியப் பேரிடர் என்றே அந்த நாட்டு அரசு அறிவித்தது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 2000களின் நடுவில்தான். அதற்குள் ஒரு தலைமுறை அப்பா அம்மாக்கள் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளோடு பாட்டிகள் மிஞ்சினார்கள். மூன்று மகன்களையும் மருமகள்களையும் புதைத்துவிட்டு ஏழெட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு மறுபடி கஞ்சி காய்ச்சத் தொடங்கிய கிழவிகள் அந்த ஊர்களில் உண்டு. அந்தச் சுமையைத் தாங்கியது அந்தக் குடும்பங்கள்தான். அரசும் இதை உணர்ந்துதான், இப்படிப் பிள்ளைகளை வளர்க்கும் ஏழை வீடுகளுக்குப் பணம் தரும் திட்டத்தை 2004இல் சோதனையாகத் தொடங்கியது. வீட்டுக்கு மாதம் 2,000 ஷில்லிங். பெரிய தொகை இல்லை, எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. ஆனால் பணத்தைப் பாட்டி கையில் கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும் என்ற யோசனை சரியானது.

இப்போது உங்கள் நேரான கேள்விக்கு வருகிறேன். அன்பு காட்டுவது எப்படிக் கெடுதலாகும்?

அந்த வீடியோவை எடுத்து மறுபடி ஒரு தடவை பாருங்கள். வீட்டில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை, புது ஆள் வந்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அங்கிருந்து எட்டிப் பார்க்கும். நாம் சிரித்தால் திரும்ப ஒளியும். அரை மணி நேரம் கழித்துத்தான் மெல்லக் கிட்டே வரும். அது கூச்சம் மட்டும் இல்லை. தனக்கென்று ஒரு ஆள் இருக்கிறார், மற்றவர்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. ஆயாக்கள் ஷிஃப்ட்டில் மாறுவார்கள். ஒருவர் கையில் பத்துப் பிள்ளை, பதினைந்து பிள்ளை இருக்கும். அப்பப்போ விருந்தினர்கள் வருவார்கள், போவார்கள். அதனால் யார் வந்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பழகிவிடுகிறது. உங்கள் கண்ணைக் கலங்க வைத்த அந்தக் காட்சியை, இல்லத்துப் பிள்ளைகளோடு வேலை செய்யும் என்னைப் போன்றவர்கள் கவலைக்குரிய அறிகுறியாகப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைக்கு உங்கள் தோழியைப் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கியதுபோல் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல வருடங்கள் பார்த்துவந்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியும், ஒருவரோடு ஒட்டிப் பழகும் தன்மையும் தேறின. இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். இல்லத்தில் தங்கிவிட்டவர்கள் பின்தங்கினார்கள். சோறும் துணியும் கூரையும் கிடைத்தும் போதவில்லை. ஒரே ஆள் தினமும் இருந்தாக வேண்டியிருந்தது. பத்து நாள் வந்துபோகும் ஒருவர் எவ்வளவு நல்ல மனசோடு வந்தாலும் அந்த ஒரே ஆளாக முடியாது. அவர் போகும்போது, மனிதர்கள் போய்விடுவார்கள் என்ற பாடம் இன்னொரு தடவை உறுதியாகிறது.

நான் பல வருடங்களாக இங்கே தமிழ்நாட்டில் இல்லத்துப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். பிறந்தநாள் சாப்பாடு போட வருபவர்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அரிது. தட்டில் பிரியாணியும் கேசரியும் வைத்துவிட்டு, கேக் வெட்டும் குடும்பம் வந்து சேரும்வரை பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு யாரென்றே தெரியாத ஒரு பையனுக்கு ஹேப்பி பர்த்டே பாடுவார்கள். ஒரு இல்லத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, வருபவர்களின் பெயரைக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் "அக்கா உங்க பேரு என்ன, ஆன்ட்டி உங்க பேரு என்ன" என்று மொய்ப்பார்கள். இவள் வணக்கம் சொல்வாள், சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள். ஏன்டா கண்ணு பேசமாட்டேங்கிறே என்று கேட்டேன். "பேரு தெரிஞ்சா அப்புறம் ஞாபகம் வருதுக்கா" என்றாள். வந்தவர்கள் யாரும் அவளுக்குத் தீங்கு நினைத்தவர்கள் இல்லை. எல்லோரும் உங்களைப்போல நல்லவர்கள்தான்.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கசப்பானது. விருந்தினரும் நன்கொடையும் வந்துகொண்டே இருக்கும் இடத்தில், அவர்களுக்குக் காட்டப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். அப்போது வறுமையில் இருக்கும் தாயிடம் போய், எங்களிடம் விட்டால் படிப்பு, சாப்பாடு இலவசம் என்று சொல்லி அழைத்துவருவது நடக்கிறது. உலகம் முழுக்க இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாய் தந்தையரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009இல் எழுதியது. அந்த அம்மாவுக்குப் பள்ளிச் செலவுக்கு மட்டும் யாராவது கைகொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும். உங்கள் தோழி ஏற்பாடு செய்த இல்லம் இப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அதை நான் பார்த்ததில்லை. நடத்துபவர்கள் உண்மையிலேயே நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் நாலு வார்த்தை பேசி முடித்த உடனே, யாரென்று விசாரிக்காமல், முன்பின் தெரியாத ஒருவரைத் தினமும் பிள்ளைகளோடு விட ஓர் இல்லம் சம்மதிக்கிறது என்றால் எனக்கு அது உறுத்துகிறது. உதவி செய்கிறேன் என்று கென்யாவுக்கு வந்து, பிள்ளைகளைச் சீரழித்த வெளிநாட்டவர்களை அமெரிக்க, பிரிட்டன் நீதிமன்றங்கள் நீண்ட சிறைக்கு அனுப்பியிருக்கின்றன. உங்களுக்குத் திறக்கும் கதவு அவர்களுக்கும் திறக்கும். கதவைக் கெட்டியாகச் சாத்தி வைக்கும் இல்லமே பிள்ளைகளைப் பாதுகாக்கிற இல்லம்.

இது ஏதோ நானும் உங்கள் மகளும் மட்டும் சொல்வது இல்லை. கென்ய அரசே 2017இல் புதிய இல்லங்களுக்குப் பதிவு தருவதை நிறுத்தியது. 2022இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. அதே ஆண்டு, பத்து வருடத்துக்குள் பிள்ளைகளை இல்லங்களிலிருந்து படிப்படியாகக் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தேசியத் திட்டத்தையும் அறிவித்தார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்றும், சுற்றுலாவாக வந்து இல்லங்களில் தொண்டு செய்யும் பழக்கத்தால் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தைச் சொன்னது. அதோடு, சுற்றுலாப் பயணியாக உள்ளே வருபவர் சம்பளம் வாங்காமல் வேலை செய்வதற்கும் கென்யாவில் தனி அனுமதி வேண்டும். தோழிக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். அவரிடம் இதையே காரணமாகச் சொன்னால் ஏற்பாட்டை நிறுத்துவதில் சங்கடமும் இருக்காது.

சரி, தோழி வீட்டுக்கு வரும் அந்த அம்மாவிடம் வருவோம். அவர் பெயரை நீங்கள் எழுதவில்லை. போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரியம்மா என்றே இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த வீட்டுக்கு நீங்களாகப் போய் நிற்கக்கூடாது. அங்கே இந்தியர் என்றால் கடை முதலாளி அல்லது ஆலை அதிகாரி என்றுதான் பொதுவாகப் பார்ப்பார்கள். ரயில் பாதை 1901இல் கிசுமுவை எட்டிய காலத்திலிருந்து இந்தியர்கள் அங்கே இருக்கிறார்கள். 2017இல் அவர்களை நாட்டின் 44ஆவது சமூகமாக அரசு அங்கீகரித்தும் ஆயிற்று. ஆனாலும் வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் என்ற இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. முதலாளியம்மாவின் விருந்தாளி உங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் முதல் வாரம் தோழி வீட்டிலேயே அவரோடு பழகுங்கள். சமையலறையில் கூட நில்லுங்கள். வெங்காயம் உரியுங்கள். பிள்ளைகளைப் பற்றி அவராகப் பேசினால் கேளுங்கள். உங்கள் பேரனைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். அவராகக் கூப்பிட்டால் போங்கள். கூப்பிடவில்லையென்றால், ஒரு நாள் அவர் தன் பிள்ளைகள் எல்லோரையும் தோழி வீட்டுக்கு அழைத்துவரலாமே என்று தோழி மூலமாகச் சொல்லிப் பாருங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். அது அவருடைய குடும்பம்.

நீங்கள் போவது டிசம்பர். கென்யாவில் அது பள்ளி விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அதே நேரம் வீட்டு வேலை செய்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு லீவு வாங்கிக்கொண்டு சொந்த கிராமத்துக்குப் போகும் காலமும் அதுதான். வருடத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் பெரிய லீவு அது. விருந்தாளி வந்திருக்கிறார், கொஞ்சம் இருந்துவிட்டுப் போ என்று உங்கள் தோழி அவரை நிறுத்திவைத்தால், நீங்கள் யாருக்காகப் போனீர்களோ அந்தப் பிள்ளைகளிடமிருந்தே அவரைப் பறித்த மாதிரி ஆகிவிடும். அந்த நாட்களில் நீங்களும் தோழியும் சமைத்துக்கொள்ளுங்கள். இதைத் தோழியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கூப்பிட்டார், போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் சர்க்கரை, தேயிலைத் தூள், மக்காச்சோள மாவு, சமையல் எண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் வீட்டுக்குப் போகும்போது இவைதான் மரியாதையான பொருட்கள். பெரியம்மாவின் கையில் கொடுங்கள், பிள்ளைகள் கையில் வேண்டாம். சாக்லேட்டும் அப்படித்தான். அவர் பங்கிட்டுக் கொடுக்கட்டும். வீட்டில் இருந்து ஊட்டுகிறவர் அவர்தான் என்பது பிள்ளைகளுக்கு மாறாமல் தெரியவேண்டும். அவர் பெற்ற பிள்ளைகளையும் தங்கை பிள்ளைகளையும் பிரித்துப் பார்க்காதீர்கள். மூன்று பேருக்கு மட்டும் ஏதாவது கொடுத்தால், நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு சண்டையை விட்டுவிட்டு வருவீர்கள்.

டி-ஷர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கிசுமுவில் கிபுயே சந்தை என்று பெரிய சந்தை இருக்கிறது. வெளிநாடுகளிலிருந்து வந்து குவியும் பழைய துணி அங்கே மலிவாகக் கிடைக்கும். அதை விற்றுப் பிழைக்கும் பெண்களும் நிறைய. பிள்ளைகளுக்கு உண்மையில் முட்டுக்கட்டையாக இருப்பது ஸ்கூல் யூனிஃபார்மும் ஷூவும். 2003இலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளியில் கட்டணம் இல்லை என்றாலும், யூனிஃபார்ம், நோட்டு, அது இது என்று செலவு வந்துகொண்டே இருக்கும். ஜனவரியில் புது வகுப்பு தொடங்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் யூனிஃபார்ம் தைக்க, பெரியம்மா தனக்குத் தெரிந்த டைலரிடமே கொடுக்கட்டும். செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

பிள்ளைகளோடு என்ன செய்வது என்று ஒரு ஆசிரியைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல ஆசை. உங்கள் வீட்டுப் பல்லாங்குழியை எடுத்துப் பெட்டியில் வையுங்கள். ஏரியைச் சுற்றியுள்ள லுவோ மக்களிடம் அஜுவா என்று ஒரு ஆட்டம் உண்டு. அதுவும் குழிகளில் விதைகளைப் போட்டு ஆடுவதுதான். விதிகள் வேறு. நீங்கள் உங்கள் விதியைச் சொல்லுங்கள், அவர்கள் அவர்கள் விதியைச் சொல்லட்டும். நிச்சயம் நீங்கள் தோற்பீர்கள், உங்கள் பேரன் உங்களைக் கேலி செய்வான். பிள்ளைகள் உங்களுக்கு ஒன்றைச் சொல்லித்தருகிற மாதிரி அமைவது நல்லது. உதவி வாங்கிக்கொண்டே இருப்பது பிள்ளைகளுக்கும் அலுத்துப்போகும். காலையில் போனால் உஜி என்று ஒரு கஞ்சி கொடுப்பார்கள். கேழ்வரகில் காய்ச்சியதாக இருந்தால் உங்களுக்கு வாய்க்குப் பழகிய ருசிதான். நம் கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்கள் என்பதைப் பேரனுக்குச் சொல்லுங்கள். சப்பாத்தி அங்கே விசேஷ நாள் பலகாரம், கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் உண்டு. மாவு பிசையும்போது கூட உட்கார்ந்து நீங்கள் நாலு தேய்த்தால், அந்த ஒரு மணி நேரத்தில் பேச்சு தானாக வரும்.

அம்மா எப்படி இறந்தார், எப்போது இறந்தார் என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். பெரியம்மாவிடமும் கேட்காதீர்கள். அந்த நோயின் பெயர் அந்த ஊரில் இன்னும் பல வீடுகளில் சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரக்கூடாது. லுவோ மக்கள் இறந்தவர்களை வீட்டு வளாகத்திலேயே புதைப்பார்கள். கிராமத்து வீட்டுக்கு அழைத்துப் போனால் முற்றத்தில் கல்லறைகள் இருக்கும். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். திகைக்க வேண்டாம். பிள்ளையாகவே வந்து அம்மாவைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன சமைப்பார், என்ன பாட்டுப் பாடுவார் என்று கேட்கலாம். ஐயோ பாவம் என்று மட்டும் முகத்தில் காட்டாதீர்கள். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேரனிடமும் முன்கூட்டியே பேசுங்கள். பாவப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். பாட்டியின் தோழிக்குத் தெரிந்தவர் வீட்டுக்குப் போகிறோம், அங்கே உன் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் போதும். போன் அவன் பைக்குள் இருக்கட்டும். போட்டோ எடுப்பதாக இருந்தால் பெரியம்மாவைக் கேட்டு, அவரும் சேர்ந்து நிற்கும் குடும்பப் போட்டோவாக எடுங்கள். அதை ஸ்டேட்டஸிலோ ஃபேஸ்புக்கிலோ போடாதீர்கள். பிரிண்ட் போட்டு அவர்களுக்கு ஒன்று கொடுங்கள். நம் நாட்டில் இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். அந்த மரியாதை எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும்.

போன முதல் நாளே, இந்தத் தேதியில் நான் ஊருக்குத் திரும்புகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் வருவேன் என்று சொல்லாதீர்கள். வந்தால் வாருங்கள், சொல்ல மட்டும் வேண்டாம். ஒவ்வொரு மாதமும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப முடியும் என்றால் அதைச் சொல்லலாம், சொன்னால் தவறாமல் அனுப்பவேண்டும். நீங்கள் கிளம்பிய மறுநாளும் அந்தப் பிள்ளைகள் பெரியம்மா வீட்டில்தான் எழுந்திருப்பார்கள். உங்கள் தோழியும் அதே ஊரில்தான் இருப்பார். இல்லத்துக்குப் போயிருந்தால் உங்கள் பிரிவை அந்தப் பிள்ளைகள் தனியாகத் தாங்கவேண்டியிருந்திருக்கும். இங்கே அது ஒரு விருந்தாளி ஊருக்குத் திரும்பிய செய்தி, அவ்வளவுதான்.

இனி, தோழியிடம் பேசவேண்டிய ஒரு விஷயம். இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். அந்த மூன்று பிள்ளைகளும், பெரியம்மாவின் சொந்தப் பிள்ளைகளும் சாப்பிடுவது உங்கள் தோழி கொடுக்கும் சம்பளத்தில். கென்யாவில் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் உண்டு. சம்பளத்தோடு லீவு உண்டு. தேசிய சமூகப் பாதுகாப்பு நிதியிலும், 2024 அக்டோபரில் வந்த புதிய மருத்துவக் காப்பீட்டிலும் அவரைச் சேர்ப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 2.75 சதவீதம் போகும். பல வீடுகளில் இதைச் செய்வதில்லை. கெட்ட எண்ணத்தால் என்று சொல்லமாட்டேன், யாரும் கேட்பதில்லை என்பதால்தான். பெரியம்மா ஒரு மாதம் படுத்துவிட்டால் அத்தனை பிள்ளைகளின் நிலை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இல்லத்துக்கு ஒரு பிள்ளை போய்ச் சேர்வது பெரும்பாலும் அப்படி ஒரு மாதத்தில்தான். நாற்பது வருடத் தோழி நீங்கள். விருந்தாளியாகப் போய் இதைப் பேசுவது கஷ்டம்தான், ஆனால் உங்களைத் தவிர வேறு யாரும் அவரிடம் இதைப் பேசமுடியாது. குற்றம் சொல்லாமல், எல்லா ரெஜிஸ்ட்ரேஷனும் ஆகியிருக்கிறதா பாருடி என்று கேளுங்கள். ஆகியிருந்தால் சந்தோஷம்.

பணமாக உதவ ஆசைப்பட்டால், மூத்த பிள்ளையின் படிப்பை எடுத்துக்கொள்ளலாம். மேல்நிலைப் பள்ளிக்கு அங்கே செலவு அதிகம், ஹாஸ்டல் என்றால் இன்னும் அதிகம். பல பிள்ளைகளுக்கு அந்த இடத்தில்தான் படிப்பு நிற்கும். ஆனால் பள்ளிப் படிப்பு முடியும்வரை தொடர்ந்து கொடுக்கமுடியும் என்று உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் தொடங்குங்கள். உங்கள் பென்ஷனில் முடிகிற தொகையாக இருக்கட்டும். தோழி வழியாக அனுப்பினால் அவர் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையில் பள்ளிக்கோ பெரியம்மாவுக்கோ போட்டுவிடலாம். பெட்டிக்கடையில்கூட அங்கே பணம் அப்படித்தான் நடக்கிறது. கொடுத்ததற்கு ரசீது, மார்க் ஷீட், நன்றிக் கடிதம் என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். பெரியம்மா சொன்னால் போதும்.

பிள்ளைகள் சத்தம் இல்லாமல் வீடு கஷ்டமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கும் மனசு கனத்தது. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவருக்கு அது சாதாரண இழப்பு இல்லை. மூன்று வார கென்யா அதற்கு மருந்தாகாது, ஆகவேண்டும் என்று எதிர்பார்த்தும் போகாதீர்கள். திருப்பூரில் பனியன் வேலைக்காக வந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பேர் தமிழ் எழுத்துத் தெரியாமல் பள்ளிக்கூட வாசலில் தயங்கி நிற்கிறார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் வாரம் தவறாமல், வருடக்கணக்கில் கிடைக்கமுடியும். திரும்பி வந்ததும் உங்கள் பழைய பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வேலை. கென்யா போய்த் திரும்பும் இந்தியர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே நிறுத்திச் சில நாள் தனிமையில் வைத்துவிடுவார்கள். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்கவேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அறுபது வயதுக்கு மேல் முதல் முறையாக இந்த ஊசி போடுபவர்களுக்குப் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால் உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டுப் போடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கிசுமு ஏரிக்கரை ஊர், மலேரியா உண்டு. உங்களுக்கும் பேரனுக்கும் என்ன தடுப்பு மாத்திரை, எத்தனை நாள் முன்னால் தொடங்கவேண்டும் என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் சாப்பிடவேண்டும். வந்த சில வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் அடித்தாலும், கென்யா போய்வந்தோம் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.